தையல் வெளியே இருந்த சட்டை

குழாய் வேலை செய்பவரின் வீட்டில் காலை ஏழு மணி அடித்தால் போர் மூளும். எதிரி, நாலரை வயதுச் சின்னவள். ஆயுதம், அவளுடைய தொண்டை. சண்டைக்குக் காரணம் ஒரு சட்டை.

எந்தச் சட்டையானாலும் ஒரே கதைதான். தலை வழியாக மாட்டியதும் உடம்பை வில்லாக வளைப்பாள், கழுத்தைப் பிடித்து இழுப்பாள், தரையில் உருண்டு கத்துவாள். கீழ் வீட்டம்மா அதை அடம் என்றார். மனைவியின் அக்கா, அதாவது பிள்ளைகளுக்குப் பெரியம்மா, ஒரு படி மேலே போனார்.

"ரெண்டு வச்சாத்தான் சரியா வரும். நீங்க குடுக்கிற செல்லம் இது."

பிறந்தநாளுக்கு அவர் வாங்கி வந்த ஜரிகைக் கவுனைச் சின்னவள் அரை நிமிடத்தில் உருவி எறிந்திருந்தாள். அந்த மனத்தாங்கல் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

மனைவிக்குப் பஸ்ஸில் கண்டக்டர் வேலை. தெருவே அவரைக் கண்டக்டரம்மா என்றுதான் கூப்பிடும். அறுபது பேரை ஒரே அதட்டலில் உள்ளே நகர்த்துகிறவர், வீட்டில் ஒரு சுண்டைக்காயைச் சட்டைக்குள் நகர்த்த முடியாமல் திண்டாடினார்.

"குடிச்சிட்டு ஏறுறவன்கூட நான் சொன்னா கேக்குறான். இவ கேக்க மாட்டேங்குறா" என்பார்.

குழாய்க்காரர் இதற்கெல்லாம் "ம்" என்பார். அவர் பேச்சில் பாதி "ம்", மீதி இருமல் என்று மனைவி கேலி செய்வதுண்டு.

ஒருநாள் காலைச் சண்டை எல்லை மீறியது. ஷிப்டுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் கண்டக்டரம்மா சின்னவளின் முதுகில் ஓர் அடி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினார். எட்டு வயதுப் பெரியவள் பள்ளிக்கூடம் போய்விட்டாள். வேலை நடக்கும் கட்டடத்துக்கு மோட்டார் வந்து சேராததால் குழாய்க்காரர் அன்று வீட்டில் இருந்தார். அழுது ஓய்ந்த சின்னவளை அவர் பால்வாடிக்கு அனுப்பவில்லை.

மதியம் வீடு நிசப்தமாக இருந்தது. பிள்ளை சத்தமில்லாமல் இருந்தால் என்னவோ நடக்கிறது என்று பெற்றவர்களுக்குத் தெரியும். அவர் எட்டிப் பார்த்தார். சின்னவள் மேசைக்கடியில் உட்கார்ந்து, அவருடைய பெட்டியிலிருந்த குழாய் முனைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். சட்டையைத் தானாகவே போட்டிருந்தாள். உள்பக்கம் வெளியே தெரிய, புரட்டி.

அவர் அதைக் கழற்றிச் சரியாக மாட்டிவிட்டார். உடனே அலறல். மறுபடி திருப்பிப் போட்டார். அலறல் நின்றது, அடுக்கும் வேலை தொடர்ந்தது.

குழாய்க்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார். இருபது வருடத் தொழிலில் அவர் கண்ட உண்மை ஒன்றுண்டு. ஈரம் தெரிகிற இடத்தில் ஓட்டை இருக்காது. கறை கீழ்ச் சுவரில் படரும், கசிவு மேல்மாடியில் இருக்கும். இத்தனை நாளும் தாங்கள் கறையைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தோமோ என்று தோன்றியது. துணிக்கொடியில் கிடந்த அவளுடைய இன்னொரு சட்டையை எடுத்து, தையல் ஓரத்தைத் தன் முழங்கையின் உள்மடிப்பில் தேய்த்துப் பார்த்தார். நைலான் நூல் மீன்முள் மாதிரி இருந்தது. கழுத்தில் கம்பெனி லேபிளின் மூலை இன்னும் மோசம்.

சாயங்காலம் கண்டக்டரம்மா வந்து டிக்கெட் பையைக் கழற்றி வைத்ததும் அவர் சட்டையை நீட்டினார்.

"அவ அடம் பிடிக்கல. குத்துது அவளுக்கு."

கண்டக்டரம்மா சட்டையை வாங்கிக் கழுத்தில் தேய்த்தார். கன்னத்தில் தேய்த்தார். பிறகு அதை மடியில் வைத்து, லேபிளின் மூலையை நகத்தால் நிமிண்டினார்.

"காலையில அடிச்சிட்டுப் போனேனே" என்றார் கடைசியில்.

சின்னவளை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அவள் நெளிந்தாள்.

"அம்மா, உன் பேட்ஜ் குத்துது."

குத்துது என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்தது அன்றுதான் முதல் தடவை. அப்பா சொன்னதைக் கேட்டுப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அத்தனை நாளும் அவளிடம் அந்தச் சொல் இல்லை, அழுகை மட்டும்தான் இருந்தது.

மறுநாள் தெருமுனைத் தையல்காரரிடம் போனார்கள். தையலை வெளிப்பக்கம் வைத்துத் தைக்க வேண்டும் என்றதும் அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"ஏன் சார், நாலு பேர் பாத்தா யார் தச்சதுன்னு கேக்க மாட்டாங்களா? என் பொழப்புல மண்ணைப் போடாதீங்க."

வீட்டுப் பரணில் ஒரு தையல் மெஷின் கிடந்தது. பெரியம்மா புதிது வாங்கியபோது தள்ளிவிட்ட பழசு. கண்டக்டரம்மா அதைத் தொட்டதில்லை. "எனக்கும் அதுக்கும் ஆகாது" என்று ஒரே வரியில் முடித்திருந்தார். குழாய்க்காரர் அதை இறக்கி, துருவைத் துடைத்து, எண்ணெய் விட்டு, பெல்ட் மாற்றினார். இயந்திரம் என்றால் அவருக்குப் பயமில்லை. மேல் நூலும் கீழ் நூலும் ஒரே இழுப்பில் வர வேண்டும் என்பது, இரண்டு குழாயிலும் ஒரே வேகத்தில் தண்ணீர் வரவேண்டும் என்பதைப் போலத்தான் என்று சீக்கிரமே பிடிபட்டது. துணிதான் பிடிபடவில்லை. இரும்பு நின்ற இடத்தில் நிற்கும். துணி நழுவும்.

துவைத்துத் துவைத்து வெண்ணெயாகிவிட்ட தன் பழைய பனியன்களை வெட்டினார். முதல் சட்டையின் கழுத்து வழியாகச் சின்னவளின் தலை நுழையவில்லை. இரண்டாவதில் ஒரு கை முழங்கை வரையிலும் மற்றது மணிக்கட்டு வரையிலும் வந்தது. தையலெல்லாம் வெளியே, பிசிறோடு. சின்னவள் அதைப் போட்டாள். கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். விளையாடப் போய்விட்டாள். மூன்று நாள் அதைக் கழற்றவே மாட்டேன் என்றதுதான் புதுச் சண்டை.

"போடமாட்டேன்னு ஒரு வருஷம், கழட்டமாட்டேன்னு ஒரு வருஷமா?" என்றார் கண்டக்டரம்மா. குரலில் கோபம் இல்லை.

பெரியவளுக்கு வயிறு எரிந்தது. "அவளுக்கு மட்டும்தான் அப்பா தைப்பீங்களா? எனக்குக் குதிரை வேணும்."

வெட்டிய மிச்சத் துண்டுகளால் குதிரை தைத்து, வயிற்றில் கந்தலைத் திணித்தார். கழுத்து தடித்துவிட்டது. கால்கள் குட்டையாகிவிட்டன. பெரியவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது குதிரை இல்லப்பா."

"ம்."

"நாயும் இல்ல. யாரோ." கொஞ்சம் யோசித்தாள். "பரவால்ல, இருக்கட்டும்."

அதன் பெயரே யாரோ ஆகிவிட்டது. "யாரோ எங்கே?" என்று கேட்டுக்கொண்டு பெரியவள் அலைவதும், "யாரோ என் பக்கத்துல படுத்திருக்கு" என்று சின்னவள் சொல்வதும் வீட்டில் வழக்கமாயிற்று. ஒருமுறை இதைக் கேட்ட கீழ் வீட்டம்மா நிஜமாகவே பயந்து, கதவைத் தாழ் போட்டுக்கொண்டார்.

அடுத்த வருடம் சின்னவளுக்கும் பள்ளிக்கூடம் வந்தது. பள்ளியில் கொடுத்த இரண்டு ஜோடிச் சீருடையும் அட்டை மாதிரி விறைப்பாக இருந்தன. குழாய்க்காரர் ஒன்றை முழுவதும் பிரித்தார். தையல்களை வெளியே வைக்க முடியாது. அதனால் ஒவ்வொரு தையலின் மேலும் பனியன் துணியைப் பட்டையாக மடித்து உள்பக்கம் மூடினார். காலருக்குள் இருந்த முரட்டுத் துணியை உருவிப் போட்டார். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லை, காலரைத் தவிர. அது வாடிய கீரையாகத் தொங்கியது.

ஒரே வாரத்தில் தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார்.

"வரிசையில நிக்கிறப்ப உங்க பொண்ணு மட்டும் தூங்கி எழுந்து வந்த மாதிரி இருக்கா. காலரை என்ன பண்ணினீங்க?"

கண்டக்டரம்மா சண்டைக்குத் தயாராக மூச்சை இழுத்தார். அதற்குள் குழாய்க்காரர் பையிலிருந்து இரண்டு சட்டைகளை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்று பள்ளியில் கொடுத்தபடியே இருந்தது, ஒன்று அவர் பிரித்துத் தைத்தது.

"கையில தேச்சுப் பாருங்க, டீச்சர்."

தலைமையாசிரியை மணிக்கட்டில் ஒன்றைத் தேய்த்தார். பிறகு மற்றதை. பிறகு முதலாவதை மறுபடியும். தைத்த சட்டையின் உள்பக்கத்தைத் திருப்பி, பட்டைகள் மேல் விரலை ஓட்டினார்.

"யார் தச்சது?"

"நான்தான்."

"சேர்ந்த புதுசுல நாள் முழுக்க அழுவான்னு பழைய பால்வாடியில எழுதி அனுப்பியிருந்தாங்க. இங்க ஒரு நாளும் அழல. ஏன்னு எனக்கும் புரியாமத்தான் இருந்துச்சு." சட்டையை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "ஆனா காலர் நிக்கணும். உள்ள என்ன இருந்தாலும் நான் திருப்பிப் பாக்கப் போறதில்ல."

காலரை நிற்க வைக்க ஒரு வாரம் ஆயிற்று. மென்துணியை மூன்று மடிப்பாக வைத்து, நெருக்கமாகக் கோடு கோடாகத் தைத்தபோது அது தானாகவே எழுந்து நின்றது. முதலில் முயல் காதுபோல அளவுக்கு மீறி நின்றது. கோடுகளைக் குறைத்தார். சின்னவள் போட்டுக்கொண்டு கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள். பெரிய மனுஷி மாதிரி, "இங்க கொஞ்சம்" என்று காதுக்குக் கீழே விரல் வைத்துக் காட்டினாள். அந்த இடத்தைப் பிரித்து மறுபடி தைத்தார். அதற்குப் பிறகு அவள் பள்ளியிலிருந்து வந்தும் சீருடையோடேயே விளையாடினாள்.

பழைய பனியன்கள் தீர்ந்துபோன ஒரு சனிக்கிழமை, முதல்முறையாகப் புதுத்துணி எடுக்க இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார். கடைக்காரர் பூப்போட்டது, பொம்மை போட்டது என்று பிரித்துப் போட்டார். சின்னவள் எதையும் கண்ணால் பார்க்கவில்லை. ஒவ்வொன்றாகக் கன்னத்தில் வைத்துப் பார்த்துத் தள்ளினாள். ஒன்பதாவது, அலமாரியின் அடியில் கிடந்த, எவரும் கேட்காத ஒரு மண்நிறத் துணி.

"இது."

"சாமி, அது மூணு வருஷமா கிடக்கு" என்றார் கடைக்காரர்.

"அப்ப நல்லா ஊறியிருக்கும்" என்றாள் பெரியவள்.

திரும்புகையில் ஏறிய பஸ் கண்டக்டரம்மாவினுடையது. நல்ல கூட்டம். டிக்கெட் கிழித்துக்கொண்டே அவர்கள் பக்கம் வந்தவர், பொட்டலத்தின் ஓரத்தைப் பிரித்துத் துணியை விரல்களுக்கிடையே வைத்து உருட்டினார். சின்னவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் ஒண்ணு தைங்க" என்றார் கணவரிடம், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில்.

"ம்" என்றார் குழாய்க்காரர். பிறகு, "அளவு எடுக்கணுமே" என்றும் சேர்த்துக்கொண்டார்.

கண்டக்டரம்மாவின் காது சிவந்தது. விசிலை வாயில் வைத்துக்கொண்டு, அடுத்த நிறுத்தத்துக்குக் கூட்டத்தைப் பிளந்து முன்னே போனார்.