அப்பா சேலை கட்டிய சனிக்கிழமை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகவே தயங்கிக்கொண்டிருந்தேன். திருநள்ளாற்றில் கூட்டம் குவியும்போதெல்லாம் நினைவு வரும். பேனாவை எடுப்பேன். அடுப்பில் பால் பொங்கும். மூடி வைத்துவிடுவேன். நான் பத்தாவதோடு நின்றவள். அதோடு, பெற்ற தகப்பன் சேலை கட்டிக்கொண்டு ஊரைச் சுற்றி வந்ததை மகளே எழுதுவதா என்ற கூச்சம் வேறு. ஆனால் ஊரில் இந்தக் கதை கண்டபடி திரிந்துவிட்டது. பந்தயத்தில் தோற்றுப்போய்க் கட்டினார் என்கிறார்கள். குடித்திருந்தார் என்றுகூட ஒருவர் கல்யாணப் பந்தியில் சொன்னார். அப்பா வெற்றிலைகூடப் போடாதவர். ஈஸ்வரன் மேல் பாரத்தைப் போட்டு, நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஊர் சுரக்குடி. சுனாமி வந்துபோய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. நான் ஐந்தாவது படித்தேன். அப்போதுதான் அம்மாவுக்கு, கடலோரம் கிளிஞ்சல்மேட்டில், பால்வாடி டீச்சர் வேலை கிடைத்தது. அடுத்த திங்கட்கிழமை காலையில் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அம்மா சாமி படத்துக்கு முன்னால் சூடம் காட்டினாள், கண்ணில் ஒற்றிக்கொண்டாள், அப்படியே உட்கார்ந்து அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன். அது இல்லை. அவ்வளவு காலையில் அந்தப் பக்கம் போக எங்களுக்கு பஸ் வசதி கிடையாது. காரைக்காலில் இறங்கி வேறு பஸ் பிடித்துப் போவதற்குள் பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியே போயிருக்கும். அப்பாதான் வண்டியில் கொண்டுபோய் விட வேண்டும். அம்மாவோ வண்டியின் பின்னால் ஏற மாட்டாள்.

முன்னே ஒருமுறை, ஒரு வளைகாப்புக்குப் போய்த் திரும்பும்போது அம்மாவின் சேலைத் தலைப்பு பின்சக்கரத்தில் சுற்றி, அவளைக் கீழே இழுத்துப் போட்டுவிட்டது. தோள்பட்டை எலும்பு முறிந்து, மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு கிடந்தாள். அன்றிலிருந்து கோயிலுக்கானாலும் கடைத்தெருவுக்கானாலும் நடைதான். அப்பா மாட்டுக்குத் தொட்டியில் தண்ணீர் காட்டிவிட்டு வந்து, "வா, கொண்டுபோய் விடறேன்" என்பார். "நீங்க முன்னால போங்க, நான் வர்றேன்" என்பாள். இருவரும் ஒரே இடத்துக்குத் தனித்தனியாகப் போய்ச் சேர்வார்கள்.

வேலை கிடைத்ததும் அப்பா பழைய வண்டியைத் தள்ளிவிட்டு வேறு வாங்க முடிவுசெய்தார். என் தாய்மாமன் கோட்டுச்சேரியில், பழைய மோட்டார் சைக்கிள் வாங்கி விற்கிற கடையில் வேலை பார்த்தார். முதலாளியிடம் சொல்லிவிட்டு ஒவ்வொரு வண்டியாக எங்கள் வாசலுக்கு ஓட்டிவந்தார்.

முதலில் வந்தது மாமாவுக்கு உயிரான வண்டி. சத்தம் போட்டால் எதிர்வீட்டுக் கோழி கூரை மேல் ஏறும். பின் சீட் மட்டும் தனியாக, வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். மாமா சுற்றிச் சுற்றி வந்து அதன் பெருமையைப் பேசினார். அம்மா வாசற்படியில் நின்றபடி கேட்டாள்:

"ஏன்டா, முன்னால உட்கார்றவனுக்கே எல்லாத்தையும் சொல்றியே. பின்னால உட்கார்றவ எதைப் பிடிச்சுக்குவா? உன் தலைமுடியையா?"

அப்பா மாமாவை ஓட்டச் சொன்னார். தான் பின்னால் ஏறி, பெண்கள் உட்காருகிற மாதிரி இரண்டு காலையும் ஒரே பக்கமாகத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார். தெருக்கோடி வரைதான் போனார்கள். மாமா பிரேக் போட்ட ஒவ்வொரு தடவையும் அப்பா சறுக்கிப்போய் அவர் முதுகில் மோதினார். திரும்பி வந்ததும், "இது ஆகாது மாப்ள. இதுல போனா என் மூக்கு போயிடும்" என்றார்.

இரண்டாவது வண்டிக்கு சீட் பரவாயில்லை. ஆனால் பின்சக்கரம் தடுப்பு எதுவும் இல்லாமல் மொட்டையாக இருந்தது. அம்மா சக்கரத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மாமா வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

மூன்றாவது வண்டி சனிக்கிழமை காலையில் வந்தது. மாமா அதை மூஞ்சியைச் சுளித்துக்கொண்டே கொண்டுவந்து நிறுத்தினார். "பால்காரர் வண்டி மச்சான். நீங்க கேட்டீங்கன்னு கொண்டாந்தேன். இதுல போனா என்னைத் தெரிஞ்சவன்னு சொல்லிக்காதீங்க" என்றார்.

நீளமான, மட்டமான சீட். பின்னால் பிடித்துக்கொள்ளக் கம்பி. இரண்டு காலையும் வைத்துக்கொள்ள அகலமான பலகை. பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் சேலை சிக்காமலிருக்க இரும்பு வலை. எனக்கே அம்மா இதில் ஏறிவிடுவாள் என்று தோன்றியது.

"சனிக்கிழமை இரும்பு வாங்குவாங்களா யாராச்சும்?" என்றாள் அம்மா.

"வாங்கலையே. ஓட்டித்தானே பார்க்கறோம். சனீஸ்வரனுக்குத் தெரியாதா?" என்றார் அப்பா. "வலை இருக்கு பாரு."

அம்மா வலையைப் பார்த்தாள். மெதுவாகத்தான் சொன்னாள்: "வலை பழைய வண்டியிலயும்தான் இருந்துச்சு."

அப்பாவின் முகம் மாறிவிட்டது. உள்ளே போனார். டிரங்குப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது வேட்டிக்கு மேலே அம்மாவின் நீலச் சேலையைக் கட்டியிருந்தார். கொசுவம் ஏறுமாறாக இருந்தது. மீசை அப்படியே இருந்தது. கீழே விழுந்த அன்று அம்மா கட்டியிருந்த சேலை அது, தலைப்புக் கிழிந்தது. ஏற்கெனவே கிழிந்ததுதானே, போனால் போகட்டும் என்று அதை எடுத்திருக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

"என்னங்க இது கூத்து!" என்றாள் அம்மா.

"நீ உட்கார வேணாம். இந்தச் சேலை உட்காரட்டும். போயிட்டு வந்து, சிக்குச்சா இல்லையான்னு அதுவே சொல்லும் பாரு" என்றார் அப்பா.

மாமா தலையில் கைவைத்துக்கொண்டார். "மச்சான், எனக்கு இன்னும் பொண்ணு பார்க்கல. என் பின்னால இப்படி உட்கார்ந்து வந்தா எவன் எனக்குப் பொண்ணு குடுப்பான்?"

"ஓட்டுறா."

நான் அடம்பிடித்து பெட்ரோல் டேங்க் மேல் ஏறிக்கொண்டேன். அதனால் பின்னால் அப்பா என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரியாது. எதிரே வருகிறவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். சைக்கிளில் வந்தவர் வாய்க்கால் கரையில் இறங்கிவிட்டார். நாற்றுப் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் இடுப்பில் கைவைத்து நிமிர்ந்து, "அடி யாருடி அந்த மீசைக்காரி!" என்று கூவினார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பார்க்கக் கூடாதே என்று நான் எல்லாச் சாமியையும் கும்பிட்டேன். அப்பாவோ, "பள்ளத்துல விடு மாப்ள. இன்னும் கொஞ்சம் வேகமா. அந்த மேட்டுல ஏத்து" என்று பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வந்தார்.

நல்ல ரோடு, கெட்ட ரோடு எல்லாம் பார்க்க வேண்டும் என்று திருநள்ளாறு வரை வந்துவிட்டோம். அங்கே சனிக்கிழமைக் கூட்டம் இருக்கும் என்பதை மூவருமே மறந்துவிட்டோம். குளத்தில் முழுக்குப் போட்டு ஈரத்துணியோடு வருகிற கூட்டம் ரோடு முழுக்க. வண்டியைத் திருப்ப இடமில்லை. சுற்றி நின்றவர்கள் அப்பாவைப் பார்த்தார்கள். இனி சிரிப்பார்கள் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

யாரும் சிரிக்கவில்லை. எள்தீபத் தட்டோடு நின்ற வெளியூர் அம்மா ஒருவர் சட்டென்று ஒதுங்கி, "வழி விடுங்கப்பா, வேண்டுதல்காரர் வர்றாரு!" என்றார். அவ்வளவுதான். கூட்டம் வாய்க்கால் தண்ணீர் மாதிரி இரண்டாகப் பிரிந்தது. சிலர் கும்பிட்டார்கள். பூக்காரர் ஒரு மாலையைக் கொண்டுவந்து அப்பா கழுத்தில் போட்டார். அதுவரை தலையைக் குனிந்துகொண்டு ஓட்டிய மாமா நெஞ்சை நிமிர்த்தி ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டார். அந்த வண்டிக்கு அன்று கிடைத்த மரியாதை தேருக்குத்தான் கிடைக்கும்.

கோபுரம் தெரிகிற இடத்தில் அப்பா இறங்கினார். தட்டு வைத்திருந்த அந்த வெளியூர் அம்மா கிட்டே வந்து கேட்டார்: "யாருக்காக வேண்டிக்கிட்டீங்க?"

"வீட்டுல அவங்களுக்காகங்க" என்றார் அப்பா. "கட்டுன சேலை கட்டுனபடி வீடு திரும்பணும்னு."

சொல்லிவிட்டு, மாலையும் சேலையுமாக ரோட்டிலேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கோபுரத்தைக் கும்பிட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கோயில் வாசலில், அதுவும் சனிக்கிழமையில், பொய்!

வீட்டுக்கு வந்து இறங்கினோம். அம்மா அப்பாவைத் திருப்பி நிற்கவைத்து, சேலையின் கீழ்க்கரையை விரலால் தடவிக்கொண்டே ஒரு சுற்று வந்தாள். புழுதி இருந்தது. புதிதாகக் கிழிசல் இல்லை. ஒரு சொட்டு எண்ணெய்க் கறைகூட இல்லை. நான் ஓடிப்போய், "அம்மா, அப்பா சாமிகிட்ட பொய் சொல்லிட்டாரு. வேண்டுதல்னு சொல்லி மாலை வாங்கிக்கிட்டாரு" என்று போட்டுக்கொடுத்தேன்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். மீசை, மாலை, ஏறுமாறான கொசுவம். அவளுக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "பொய்யில்லடி" என்றாள். பிறகு அப்பாவிடம், "அந்த வேஷத்தைக் கலைச்சுட்டு வாங்க. தெருக்கோடி வரைக்கும் ஒரு தடவை போயிட்டு வருவோம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியை வாங்கினோம். திங்கட்கிழமை விடிந்ததும் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுக் கிளம்பினார்கள். அம்மா அந்த நீலச் சேலையைத்தான் தலைப்பைத் தைத்துக் கட்டியிருந்தாள். ஒரு கை கம்பியில், ஒரு கை அப்பா தோளில். தெருவே நின்று பார்த்தது. மாமா கையைத் தட்டினார். கிளிஞ்சல்மேட்டில் அம்மாவிடம் முதன்முதலாக அ, ஆ சொன்ன பிள்ளைகளில் சிலர் இன்று தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அதே பால்வாடிக்கு வருகிறார்கள். எல்லாம் அவன் அருள்.

எனக்குக் கல்யாணமாகி, என் வீட்டுக்காரர் வண்டி வாங்கியபோது அப்பா பார்க்க வந்தார். வந்தவர் வண்டி என்ன விலை, எவ்வளவு ஓடும் என்று எதையும் கேட்கவில்லை. நேரே போய்ப் பின்சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்து, வலையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். திருகாணியை மறுபடி முறுக்கினார். அப்போதுதான் எழுந்திருக்காமலே சொன்னார். பழைய வண்டியின் வலை அறுந்து கொல்லையில் கிடந்ததாம். மாட்டிவிடுங்கள் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாளாம். நாளைக்கு, நாளைக்கு என்று இவர் சொல்லிக்கொண்டே இருந்தாராம். அம்மா விழுந்தது அதற்குள்தான். அந்தச் சனிக்கிழமை சொன்ன ஒரு வார்த்தை தவிர, ஒருநாளும் அவள் அதைச் சொல்லிக் காட்டியதில்லையாம்.

அன்று டேங்க் மேல் உட்கார்ந்து வெட்கத்தில் செத்துக்கொண்டிருந்த எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?

இதைப் படித்தவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். சேலை நீலம். வண்டி பால்காரர் வண்டி. பந்தயமும் இல்லை, குடியும் இல்லை. கேட்கிறவர்கள் யாராவது, "ஓ, வேண்டுதலா?" என்றால் அதை மட்டும் திருத்தாதீர்கள்.