நௌஷாட்டின் மொரிஸ் மைனரும் கார்த்திகை மழையும்

குழியைக் கண்டால் காரை நடக்கிற வேகத்துக்கு இறக்கிவிடுவார் என்று மன்னார் தாராபுரத்தில் நௌஷாட்டுக்குப் பேர். பிள்ளை பெற்றவர்களையும் ஒப்பரேசன் செய்தவர்களையும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவர அவருடைய பச்சை மொரிஸ் மைனரைத்தான் கேட்பார்கள். இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்தபோது உப்பளத்தில் உழைத்து வாங்கிய கார் அது. ஊர் திரும்பிய நாளில் மெத்தை, சட்டி பானைகளோடு மனைவி றாபியாவையும் ஏற்றிக்கொண்டு அதிலேதான் வந்து இறங்கினார்.

காருக்கு ஒரேயொரு குறை. மழை பெய்தால் முன் கண்ணாடியின் இடப்பக்கக் கீழ் மூலையில் தண்ணீர் உள்ளே சொட்டும். நௌஷாட் சிலிக்கன் பூசினார். அடுத்த மாரிக்கு அதன்மேல் இன்னொரு பூச்சு. பள்ளிமுனையில் வள்ளம் ஒட்டுகிற பசையைக்கூட வாங்கிவந்து அப்பினார். தண்ணீர் நிற்கவில்லை. றாபியா முன் சீட்டில் மடியில் துவாயை விரித்துக்கொண்டு, "உங்கட பக்கம் வெயில், என்ர பக்கம் மழை" என்பார்.

போன கார்த்திகையில் பள்ளிமுனைப் பிரேமிளாவையும் பிறந்த குழந்தையையும் ஏற்றி வந்தார். இரண்டு கதவுக் கார். தையல் நோவோடு பின்னால் குனிந்து ஏற முடியாமல் பிரேமிளா முன்னால் இருந்தாள். பாதி வழியில் மழை பிடித்தது. பள்ளமொன்றில் கார் குலுங்க, மூலையில் தேங்கிய நீர் தெறித்துக் குழந்தையின் நெற்றியில் விழுந்தது. குழந்தை வீரிட்டது.

பின் சீட்டிலிருந்த பிரேமிளாவின் தாய் மரியம்மா சிரித்துவிட்டார். "பயப்பிடாதேங்கோ நௌஷாட் நானா. ஞானஸ்நானம் காருக்குள்ளயே முடிஞ்சுது. ஃபாதருக்கு வேலை மிச்சம்."

எல்லோரும் சிரித்தார்கள். நௌஷாட்டும் சிரித்தார், ஆனால் காது சுட்டது.

வீட்டுக்கு வந்தவர் தேத்தண்ணியைத் தொடவில்லை. "நாளைக்குக் கண்ணாடியைக் கழட்டப் போறன்."

"கழட்ட முந்தி தண்ணி எங்கால வருதெண்டு பார்ப்பம்" என்றார் றாபியா.

காலையில் வானம் வெளித்திருந்தது. றாபியா முகப்பவுடர் டின்னோடு காருக்குள் ஏறி, கண்ணாடியைச் சுற்றியிருந்த றப்பரின் உள் ஓரமெல்லாம் தூவினார். "கீழயிருந்து ஊத்திக்கொண்டு வாங்கோ. மேலால ஊத்தினா எல்லாம் சேர்ந்து ஓடும், ஒண்டும் விளங்காது."

நௌஷாட் வெளியே நின்று தண்ணீர்க் குழாயைப் பிடித்தார். கீழ் ஓரம் காய்ந்தே இருந்தது. பக்கமும் அப்படித்தான். கூரை விளிம்புக்குத் தண்ணீர் போனதும் உள்ளேயிருந்து குரல் வந்தது. "வருது, வருது! நிப்பாட்டுங்கோ!"

பவுடரில் மேலிருந்து கீழ்வரை ஈரக்கோடு ஒன்று இறங்கியிருந்தது. மேலே நுழைந்த தண்ணீர் றப்பருக்குள்ளாலேயே ஓடிக் கீழ் மூலையில் வெளிவந்திருக்கிறது. இத்தனை வருடமும் அது வெளியேறும் வாசலுக்குத்தான் அவர் பூசிக்கொண்டிருந்திருக்கிறார்.

பழைய றப்பரை வெட்டி, கண்ணாடியை இருவருமாகத் தூக்கி மெத்தையில் கிடத்தினார்கள். கூரை விளிம்பில் தகரம் துருப்பிடித்துக் கடுகளவு கறள். ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டியதும் பெருவிரல் போகும் ஓட்டையாகிவிட்டது. நௌஷாட் அப்படியே மணலில் குந்திவிட்டார். கராஜ்காரர் சிங்கராசா வந்து, கறளை வெட்டியெறிந்து புதுத் தகரம் வைத்து ஒட்டிக் கொடுத்தார். பெயின்ட் காய்வதற்குள் கொழும்பிலிருந்து புது றப்பரும் பஸ்ஸில் வந்து சேர்ந்தது.

றப்பரைக் கண்ணாடிக்கு மாட்டி, அதன் காடிப் பள்ளத்துக்குள் நூல் கயிறு ஓடவிட்டு, சவர்க்காரத் தண்ணீர் பூசிக் காரில் தூக்கி வைத்தார்கள். வெளியே நின்று நௌஷாட் உள்ளங்கையால் அழுத்த, உள்ளே றாபியா கயிற்றை இழுக்க, றப்பரின் உதடு தகரத்தின்மேல் ஏறி உட்கார வேண்டும். முதல் தடவை கயிறு அறுந்தது.

"இழுக்கச் சொன்னா இழுக்கோணும், பிடுங்கக் கூடாது!"

"தள்ளச் சொன்னா தள்ளோணும், கதைக்கக் கூடாது!"

இரண்டாம் தடவை இருவரும் பேசவில்லை. கண்ணாடியின் இரு பக்கமும் முகத்துக்கு முகம், விரற்கடை விரற்கடையாக நகர்ந்தார்கள். இடையில் றாபியா முகத்தைக் கோணிக் காட்டினார். நௌஷாட்டும் பதிலுக்குக் காட்டினார். கடைசி மூலை 'டப்' என்று உட்கார்ந்தது.

மறுபடி மழை இறங்கிய பின்னேரம், ஒரு அலுவலும் இல்லாமல் தலைமன்னார் றோட்டில் காரை விட்டார்கள். றாபியா நம்பாமல் மூலையை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். ஈரமில்லை. பேசாலை ஊரைத் தாண்டியபோது தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனார்.

திரும்பி வந்து வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோதும் மழை விடவில்லை. நௌஷாட் பக்கத்தில் பார்த்தார்; றாபியா இன்னும் தூக்கத்தில்தான். எஞ்சினை நிறுத்தாமல், மெல்ல வளைத்து, மறுபடியும் றோட்டுக்கே போனார்.