கோழிக்கு ஒரு பௌர்ணமி மாத்திரை

நான் திருவண்ணாமலைக்குப் போகாத மாதம் கம்மி. ஆனால் போன மாதம் போனது கிரிவலத்துக்கு இல்லை. கலா அக்காவின் விரலில் கத்தி பட்டு, பத்து நாளாகியும் ஆறாமல், ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அக்காவும் மாமாவும் கிரிவலப் பாதையில் இருக்கிற அடி அண்ணாமலையில் கோழிக்கடை வைத்திருக்கிறார்கள். மாமா உரித்துக் கொடுப்பார், அக்கா துண்டு போடுவாள்.

சென்னை கிளாம்பாக்கத்தில் காலை ஐந்தரைக்கு பஸ், டிக்கெட் 180 ரூபாய். ஒன்பதரைக்குத் திருவண்ணாமலை. (செஞ்சி தாண்டியதும் தூங்கிவிடாதீர்கள், கொஞ்ச நேரத்தில் மலை தெரியும்.) அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு ஷேர் ஆட்டோ 20 ரூபாய்.

அக்காவின் விரல் கத்திரிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. அந்த நிலைமையிலும் "சாப்ட்டியாடா?" என்றுதான் கேட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. டாக்டர் சீழ் பரிசோதனை ரிப்போர்ட்டைக் காட்டினார். வழக்கமான மருந்து எதற்கும் அந்தக் கிருமி அசையவில்லையாம். பாக்கி இருப்பது ஓர் ஊசிதான், அதுவும் கேட்காவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும் என்றார். கோழிக்கு ஏதாவது மருந்து கொடுக்கிறீர்களா என்று மாமாவைக் கேட்டார். சத்தியமாக இல்லை என்றார் மாமா.

பன்னிரண்டு மணிக்கு மாமாவோடு கடைக்குப் போனேன். ஏழு கிலோமீட்டர், ஆட்டோ 200 ரூபாய். மறுநாள் பௌர்ணமி. கிரிவலப் பாதையில் அன்றைக்குக் கறிக்கடை திறப்பதில்லை. விற்காத கோழிகள் ரெண்டு நாள் கூண்டில் கிடந்தால் வெயிலுக்குச் சுணங்கிவிடும். மாமா அலமாரியிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து, நாலு கேப்சூலைப் பிரித்துக் கோழிகளின் தண்ணீரில் கொட்டினார். அட்டையை வாங்கிப் பார்த்தேன். அக்காவுக்கு முதலில் கொடுத்துக் கேட்காமல் போன அதே மருந்து.

"மாமா, டாக்டர்கிட்ட இல்லைன்னு சொன்னீங்களே?"

"மருந்துன்னா ஊசியத்தானே கேட்டாரு? இது பௌர்ணமி மாத்திரைடா. மெடிக்கல்ல மனுஷங்களுக்கே குடுக்கிறாங்க."

மனுஷன் பொய் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குக் கோபம் ஜாஸ்தியானது, திட்டவும் முடியவில்லை. இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக மருந்து கொடுத்தால் சாதாரணக் கிருமி செத்துவிடும், முரட்டுக் கிருமி பிழைத்துப் பெருகும், கறியோடு சேர்ந்து வீட்டு அடுப்படிக்கே வரும் என்று விளக்கினேன்.

"அப்போ உங்கக்கா விரலு என்னாலயா?"

அவரே தண்ணீரைக் கீழே கொட்டினார். அதே ஆட்டோவில் திரும்பிப் போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார், பாவம். இதனால்தான் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் இனிமேல் வேண்டாம் என்றார் டாக்டர். நான் அங்கேயே தங்கிவிட்டேன். அந்தக் கடைசி ஊசி போட்டு நாலாம் நாள்தான் வீக்கம் வடிய ஆரம்பித்தது.

இனி உங்களுக்கு. ரூம் எடுத்துச் சமைப்பவர்கள் கோழியைக் குழாயில் பீய்ச்சிக் கழுவாதீர்கள், தெறிக்கிற இடமெல்லாம் கிருமிதான். கறி வெட்டின பலகையில் அப்படியே வெங்காயம் நறுக்காதீர்கள். நன்றாக வேகவிடுங்கள். மஞ்சள் தடவினால் போதும் என்று நினைக்காதீர்கள், நானும் அப்படி நினைத்தவன்தான்.

மாமா இப்போது பௌர்ணமிக்கு முந்தின நாள் பாதிக் கோழிதான் இறக்குகிறார். மத்தியானம் போனால் கூண்டு காலியாக இருக்கும். தயவுசெய்து திட்டாமல் திரும்பி வாருங்கள். கல்லாவில் பத்து விரலோடு உட்கார்ந்திருப்பது எங்கள் அக்கா.