கிடைக்காத அழைப்புகளை எண்ணியவர்

ஸ்டெல்லா மறைந்த செய்தியை, சென்ற செவ்வாய்க்கிழமை காலை அவர் கணவர் ஈசூன் வீட்டிலிருந்து தொலைபேசியில் சொன்னார். சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் நம் மளிகை இறக்குமதி அலுவலகத்தில் சுவிட்ச்போர்டின் முன் அமர்ந்து, நம் எல்லோருடைய குரலையும் அறிந்துவைத்திருந்தவர் அவர். நம்முடன் வேலை செய்த உங்களில் பலருக்குத் தெரியாத ஒன்றை மட்டும் சொல்ல விரும்புகிறேன். நம் புதிய தொலைபேசி இணைப்பகம் ஒழுங்காக அமைந்தது என்னால் அல்ல, அவரால்.

எழுபதுகளின் இறுதியில் நமக்கு வெளி லைன்கள் ஆறு, உள்ளே நாற்பது தொலைபேசிகள். ஒவ்வோர் அழைப்பையும் ஸ்டெல்லா கம்பிவடம் செருகி இணைத்தார். அதை மாற்றி மின்னணு இணைப்பகம் வைக்கத் திட்டம் தீட்டும் வேலை என்னிடம் வந்தது. எனக்கு எதையும் மூன்று முறை சரிபார்த்தால்தான் நிம்மதி. மாடியின் மரத்தளம் இணைப்பகப் பெட்டியின் எடையைத் தாங்குமா, அறைக்கு எவ்வளவு குளிர் வேண்டும், மின்சாரம் நின்றால் பேட்டரி எத்தனை மணி நேரம் ஓடும் என்று இரண்டு மாதம் கணக்கிட்டேன். வெளி லைன்களுக்காக ஸ்டெல்லாவின் பதிவேட்டில் நான்கு வார அழைப்புகளை எண்ணினேன். ஆறே போதும் என்று வந்தது. பாதுகாப்புக்கு எட்டு என்று போட்டேன். வெள்ளிக்கிழமை காலை மேலாளர் கையெழுத்திட வேண்டும். அதற்குப் பிறகு பெட்டியின் அளவை மாற்ற முடியாது.

வியாழக்கிழமை மதியம், ஸ்டெல்லாவின் மேசையை எங்கே போடலாம் என்று கேட்கத்தான் அவரிடம் வரைபடத்தைக் காட்டினேன். அவர் கண் வேறோர் இடத்தில் நின்றது.

"எட்டு லைன் பத்தாது சார்."

"உங்க ரெஜிஸ்டரைப் பாத்துத்தாம்மா எண்ணினேன்."

"அதுல கிடைச்ச கால்தானே இருக்கு. கிடைக்காதவங்க எங்க சார் இருக்காங்க?"

இழுப்பறையிலிருந்து ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். லைன் கிடைக்காமல் அலுத்துப்போய் ஏசுபவர்களிடம் அவர் மன்னிப்புக் கேட்பதும், எத்தனை முறை முயன்றீர்கள் என்று விசாரிப்பதும் நமக்குத் தெரியும். தமிழ், மலாய், ஆங்கிலம், சந்தையில் பேசும் ஹொக்கியன் சீனம் எல்லாவற்றிலும் கேட்பார். "மன்னிப்புக் கேக்கவே தனி ஆள் வைக்கணும் லா" என்று கிடங்குக்காரர்கள் கிண்டல் செய்வார்கள், நானும் சிரித்திருக்கிறேன். அந்தப் பதில்களையெல்லாம் அவர் நாள்வாரியாகக் கோடு போட்டு வைத்திருந்தார். காலை ஒன்பது முதல் பதினொன்றுவரை லைனில் வந்தவர்களில் பெரும்பாலோர் மூன்று முறையாவது தோற்றவர்கள். தீபாவளி நெருங்கினால் ஐந்து முறை.

திரும்பக் கணக்கிட்டேன். பதினான்கு லைன்கள் வந்தன. இரண்டு மாத உழைப்பைத் தவறு என்று நானே போய்ச் சொல்வதா? நீங்களே மேலாளரிடம் சொல்லிவிடுங்களேன் என்று அவரிடம் கெஞ்சினேன். அதை எழுத இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

"நான் சொன்னா ஆபரேட்டர் பேச்சுன்னு விட்டுடுவாங்க. நீங்க சொன்னாத்தான் பிளான் மாறும். பயமா இருந்தாலும் போய்ச் சொல்லிடுங்க சார்."

மறுநாள் காலை மேலாளர் அறைக்குப் போனேன். "என் கணக்கு தவறு" என்று தொடங்கினேன். பிறகு நோட்டை நீட்டி, அது யாருடையது என்றும் சொன்னேன். மேலாளர் பக்கங்களைப் புரட்டினார். எழுந்து பக்கத்து நகைக்கடைக்குப் போனார். அங்கிருந்து நம் எண்ணையே சுழற்றியிருக்கிறார். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது. நான்கு முறை முயன்றும் அவருக்குத் தம்முடைய அலுவலகம் கிடைக்கவில்லை. நின்றபடியே பேனாவைக் கேட்டு வாங்கி, எட்டை அடித்துப் பதினான்கு என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு இணைப்பகம் மாறியது. சனிக்கிழமை மதியம் பழையதைக் கழற்றினோம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தேவாலய உடுப்போடு ஸ்டெல்லா வந்து, நாற்பது தொலைபேசிகளையும் ஒவ்வொன்றாக அழைத்துச் சோதித்தார். வெளியே பேச இனி யாரும் அவரைக் கேட்க வேண்டாம். வரும் அழைப்புகளை மட்டும் அவர் கவனித்தால் போதும்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு, ஸ்டெல்லாவின் புதிய பலகையில் லைனுக்கு ஒன்றாக இருந்த பதினான்கு விளக்குகளில் பதினொன்று எரிந்தன. மூன்று சும்மா இருந்தன. அந்த மூன்றையும் நான் உட்காராமல் பார்த்துக்கொண்டே நின்றேன். தேக்கா சந்தையில் கடை வைத்திருந்த, ஏசுவதில் பேர்போன வாடிக்கையாளர் ஒருவர் லைனில் வந்தார். எத்தனை முறை முயன்றீர்கள் என்று பழக்கத்தில் கேட்டுவிட்ட ஸ்டெல்லா, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு அந்த வாடிக்கையாளர் சொன்னதைக் கூடம் முழுவதற்கும் கேட்கும்படி சொன்னார்:

"ஒரே தடவையில எடுத்துட்டீங்களே, ராங் நம்பர் போட்டுட்டேனாம்மான்னு கேக்கறாரு."

கூடமே கைதட்டியது. மேலாளரும் அறைக்கு வெளியே வந்து தட்டினார். அந்தத் தீபாவளி முடியும்வரை பதினான்கு விளக்குகளும் ஒருசேர எரிந்ததை நான் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு வேறு இரண்டு அலுவலகங்களுக்கும் திட்டம் தீட்டினேன். இரண்டிலும் முதலில் ஆபரேட்டரிடம் போய் உட்கார்ந்தேன். இரண்டு இணைப்பகங்களும் நன்றாக ஓடின. ஆனால் ஸ்டெல்லாவிடமிருந்து நான் பெற்று வைத்திருப்பது அது மட்டுமன்று. அந்த வெள்ளிக்கிழமைக்கு முன், என் தவறை இன்னொருவர் கண்டுபிடிக்கும்வரை நான் ஒருபோதும் வாய் திறந்ததில்லை. அதன்பின் பலமுறை நானே முதலில் சொல்லியிருக்கிறேன். அந்தத் துணிச்சல் அவர் கொடுத்தது, என்னிடம் இருக்கிறது.