நாச்சியம்மாள் சிவந்த கதை

உடுமலைப்பேட்டையில் கொப்பரைக் களம் வைத்திருந்த நாச்சியம்மாளுக்கு நாற்பது தாண்டியபின் பூப்பந்துக் கிறுக்குப் பிடித்தது. பள்ளிக்கூடத்தில் கம்பளிப் பந்தை விளாசியவள், மகன் கிருபாசங்கர் கம்ப்யூட்டர் வேலைக்கு அமெரிக்கா போனதும் மறுபடி மட்டையைத் தூக்கினாள்.

தொண்ணூற்றெட்டு சித்திரையில் ஊர் வியாபாரிகள் பெண்களுக்குப் போட்டி வைத்தார்கள். லீவில் வந்திருந்த மகன் ஒரு வைட்டமின் டப்பாவைக் கொடுத்து, சோற்றோடு ஒன்று போதும் என்று சொல்லியிருந்தான். ஒன்றே நல்லதென்றால் மூன்று இன்னும் நல்லதுதானே? வெறும் வயிற்றில் மூன்றையும் முழுங்கிவிட்டு மத்தியான வெயிலில் இறங்கினாள்.

முதல் ஆட்டத்தில் தோற்றாள். இரண்டாவதில் காது சூடேறியது. சூடு கழுத்துக்கு இறங்கி, தோளெல்லாம் எறும்பு ஊர்வதுபோல் அரித்தது. மாநிற முகம் செங்கல்லாய்ச் சிவந்தது. மாத்திரை வேலை செய்கிறது என்று அவளுக்கு ஒரே குதூகலம். துள்ளித் துள்ளி அடித்தாள்.

எதிரே ஆடிய சாமியாத்தாள் அந்த முகத்தைப் பார்த்ததும் மட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டாள். மாரியாத்தா இறங்கிவிட்டாள் என்று கூட்டத்தில் பேச்சுப் பரவியது. யாரோ வேப்பிலை ஒடித்து வந்தார்கள். கணவர் வெங்கடபதிகூடச் செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார்.

"நான் நாச்சிதானுங்க. பந்தைப் போடுங்க" என்றாள். அதைக் கேட்டு இன்னும் நாலு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சாமியாத்தாள் தொடாத பந்தெல்லாம் நாச்சியம்மாளுக்குப் புள்ளியாக விழுந்தது.

நடுவராக நின்ற மருந்துக்கடை ஷேக் பரீத் விசிலை ஊதி, அவளை நிழலுக்கு அழைத்து வந்தார்.

"என்னத்தைங்க முழுங்குனீங்க?"

சொன்னாள். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த வைட்டமின் தோலுக்கடியில் ரத்தக் குழாயை விரிக்கும், வெயிலும் ஓட்டமும் அதையேதான் செய்யும், மூன்றும் சேர்ந்துகொண்டன, இதில் பலமும் இல்லை, தெய்வமும் இல்லை என்று விளக்கினார். உப்புப் போட்ட மோரைக் குடித்தபடி நாச்சியம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். கும்பிட்ட கையைத் திரும்ப வாங்க முடியாத சாமியாத்தாளுக்குத்தான் கோபம்.

வெயில் தாழ்ந்ததும் மறுபடி ஆடலாம் என்று நாச்சியம்மாளே கேட்டாள். ஆடினார்கள். சாமியாத்தாள் அடித்த அடியில் நாச்சியம்மாள் தோற்றும் போனாள்.

இருவரும் ஸ்கூட்டரில் வீடு திரும்பினார்கள். ரயில்வே கேட்டில் நின்றபோது வெங்கடபதி மெல்லத் திரும்பினார்.

"செவப்பு உனக்கு எடுப்பா இருந்துச்சு, அம்மணி."

கேட் திறந்து, வண்டி வீடு போய்ச் சேரும்வரை அவர் முதுகில் முகத்தைப் புதைத்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.