உடம்பை மிஞ்சிய அலகு

ரொறன்ரோவில் பாதி எழும்பி நிற்கிற கோபுரம் உலகத்திலேயே உயரமாக வருமாம். அதையே நான் இன்னும் நம்பவில்லை. இப்போது அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் தென்னமெரிக்க ஓசனிச்சிட்டு என்கிற சின்னத் தேன்குருவி ஒன்றைப் பாடம்செய்து வைத்திருக்கிறார்கள். உடம்பைவிட அலகு நீளம். மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்குகிற ஊர்க்காரன் நான். அலகின் அடியில் பசை தெரிகிறதா என்று குனிந்து தேடுகிறேன்.

அங்கே வேலைசெய்யும் யாழ்ப்பாணத்து இளைஞன் பக்கத்தில் வந்து நிற்கிறான்.

“தம்பி, உது ஒட்டினதுதானே?”

“இல்லை அண்ணை. பூவைப் பாருங்கோ.”

பறவைக்கு முன்னால் குழாய்போல நீண்ட சிவப்புப் பூ ஒன்று தொங்குகிறது. அலகு அதன் அடிவரை சரியாகப் போகும். இப்படி ஒரு பூவில் தேன் குடிக்க இப்படி ஓர் அலகு வேண்டும்தான். என் சந்தேகம் விலகுகிறது.

“பூ வாடவே இல்லையே?”

“அது மெழுகு அண்ணை. அலகை அளந்து நான்தான் செய்தனான்.”

மறுபடி குனிகிறேன்.