பதினெட்டா, இருபத்தொன்றா

பரிசு கொடுப்பதில் இவ்வளவு அலுப்பு இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. வாங்குகிறவருக்கு ஒரு நாள் சந்தோஷம். நடத்துகிறவருக்கு இரண்டு மாதத் தலைவலி. போர்ட் பிளேரில் எங்கள் தமிழர் சங்கம் பொங்கலுக்குப் பொது அறிவுப் போட்டி வைப்பதென்று முடிவு செய்த அன்று நான் கூட்டத்துக்கே போகவில்லை. வேலை முடிந்து, வீங்கிய காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். வராதவர் தலையில் வேலையைக் கட்டுவது எங்கள் சங்கத்தின் வழக்கம். மறுநாள் காலையே செயலாளர் என் கவுண்டர் முன்னால் வந்து நின்றார்.

ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் தீவுகளுக்கு இடையே ஓடும் போட்டுகளுக்கு டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தா நான்.

"நீங்கதாம்மா சரியான ஆளு. தமிழாளுங்க யாரா இருந்தாலும் உங்களத் தாண்டித்தானே போகணும்" என்றார்.

"போறவங்க எல்லாம் என்னைத் திட்டிட்டுத்தான் சார் போறாங்க."

"அச்சா. அப்ப உங்களத் தெரியாதவங்க யாரும் இல்ல."

அவரிடம் பேசி ஜெயித்தவர்கள் அந்தத் தீவில் இல்லை. கேள்விகள் பத்தையும் அவரே தயார் செய்திருந்தார். ஒரு பழைய பொது அறிவுப் புத்தகமும், கப்பலில் கட்டாக வந்து சேரும் பழைய செய்தித்தாள்களும்தான் அவருடைய ஆதாரம். நான் பெரிய தாளில் மையால் எழுதி, கவுண்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினேன். ஆறாவது கேள்வி, இந்தியாவில் மொத்தம் எத்தனை மாநிலங்கள் என்பது. பதினெட்டு என்று செயலாளர் விடைத்தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். அன்றைக்கு அதுதான் சரி.

கடைசித் தேதி என்று எதையும் எழுதவில்லை. 'வடக்கு போட் திரும்பி வரும்வரை பதில்கள் ஏற்கப்படும்' என்று எழுதினோம். மெயின்லேண்டில் இருப்பவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். எங்களுக்கு அப்படித்தான் வசதி. மாயாபந்தரிலும் திக்லிபூரிலும் இருக்கும் தமிழர்களுக்குக் கேள்வி போவதும் அந்த போட்டில்தான், பதில் வருவதும் அதில்தான். நாளைக் குறித்துவிட்டு போட்டுக்காகக் காத்திருப்பதைவிட, போட்டையே நாளாக வைத்துக்கொள்வது நல்லது. கல்யாணப் பேச்சு, சங்கத் தேர்தல் எல்லாமே அப்படித்தான் நடந்தன.

முதல் பரிசு டிரான்சிஸ்டர் ரேடியோ. இரண்டாம் பரிசு மேசை மின்விசிறி. இரண்டும் சென்னையிலிருந்து கப்பலில் வந்து, எங்கள் ஆபீஸ் அலமாரிமேல் ஏறி உட்கார்ந்தன. ஊரில் பாதிப்பேர் ரேடியோவைப் பார்க்க வந்தார்கள். டிக்கெட் வாங்க அல்ல, பார்க்க. வந்த ஒவ்வொருவருக்கும் அது பாடுகிறது என்று செயலாளர் நிரூபித்துக் காட்டினார். போட்டி முடிவதற்குள் அதிலிருந்த பேட்டரி செத்துப்போனது.

கிறிஸ்துமஸ் முடிந்து வடக்கே திரும்புகிறவர்களின் வரிசையில்தான் அந்தப் பெண்ணை முதலில் பார்த்தேன். இடுப்பில் ஒரு பெண் குழந்தை, காலடியில் நூல் வலைச் சுருள். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து வந்து, திக்லிபூரை அடுத்த ஏரியல் பேயில் குடியிருப்பவள். புருஷனுக்கு மீன்பிடி. டிக்கெட்டை வாங்கிய பிறகும் நகராமல் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எக்கா, இந்த ரேடியோவுல மௌசம் சொல்லுவாங்களா?"

"எல்லா ரேடியோலயும் சொல்லுவாங்க. காத்து, மழை எல்லாம். ஆனா இந்தியில சொல்லுவாங்க."

"இந்தி கெடக்கட்டும். ஹவா தேஜ்னு சொன்னா காத்து பலம், கடலுக்குப் போகக் கூடாது. அவ்வளவுதான?"

பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் சட்டை செய்யவில்லை. போன மழைக்காலத்தில், வெயிலடித்த காலையில் கடலுக்குப் போன புருஷன் காற்றில் மாட்டிக்கொண்டு, வேறொரு தீவில் கரை ஒதுங்கி, கிட்டத்தட்ட செத்துப் பிழைத்துத் திரும்பியிருக்கிறான். காற்று வரும் என்று முந்தின நாளே ரேடியோவில் சொல்லிவிட்டார்களாம். அவர்கள் பக்கத்தில் ரேடியோ உள்ள ஒரே இடம் ஒரு கடை.

"கடைக்காரரு மௌசம் சொல்லுத நேரத்துலதான் பாட்டு தேடி முள்ளத் திருப்புவாரு. அவருக்கு என்ன, அவரு கடலுக்கா போறாரு? இது எனக்குக் கெடச்சா நான் ராத்திரி தூங்குவேங்கா."

குழந்தையை என் மேசைமேல் உட்கார வைத்துவிட்டு, பத்துக் கேள்விகளையும் எழுதிக்கொண்டாள். குழந்தை என் ரப்பர் ஸ்டாம்பை நக்கியது. எனக்கு அலுப்பாக இருந்தது, ஆனாலும் அவளைப் பிடித்துவிட்டது. கேட்டவர்கள் எல்லோரும் ரேடியோ வேண்டும் என்றுதான் சொன்னார்கள். எதற்கு என்று சொன்னவள் அவள் ஒருத்திதான்.

அந்த போட் போனதுதான் போனது. திரும்பும் வழியில் மாயாபந்தரில் எஞ்சின் பழுதாகி நின்றுவிட்டது. பாகிஸ்தானோடு கார்த்திகையில் தொடங்கிய சண்டை மார்கழி பிறந்தபோது முடிந்திருந்தாலும், மெயின்லேண்டிலிருந்து வரும் கப்பல்கள் இன்னும் ஒழுங்குக்கு வரவில்லை. எஞ்சினுக்கு வேண்டிய சாமான் கப்பலில் வரவேண்டும். பொங்கல் வந்தது, போனது. முடிவு என்னாயிற்று என்று கேட்காத ஆள் இல்லை. போட் வரட்டும், போட் வரட்டும் என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்தது.

அப்போதுதான் அது நடந்தது. தை பிறந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ரேடியோவில் செய்தி. எனக்கென்று ரேடியோ கிடையாது, சுவருக்கு அந்தப் பக்கம் பாடுவதுதான் என் ரேடியோ. வடகிழக்கில் மூன்று புதிய மாநிலங்கள் உதயமாகிவிட்டன என்றார்கள். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஆறாவது கேள்வி நினைவுக்கு வந்தது. ஐயோ என்று வாய்விட்டுச் சொன்னேன்.

மறுநாள் ஜெட்டியில் டிக்கெட் வரிசையைவிட நீளமாக இன்னொரு வரிசை. பதில் சீட்டுகளுக்காக நான் கவுண்டரில் வைத்திருந்த பிஸ்கட் டின்னில் பதினெட்டு என்று எழுதிப் போட்டவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். என் சீட்டை எடுத்துக் கொடுங்கள், இருபத்தொன்று என்று திருத்த வேண்டும் என்று ஒரே பாட்டு. போட்டதைத் திருப்பித் தர முடியாது என்றேன். செயலாளரைக் கூட்டி வந்தார்கள்.

"வடக்கு போட் வந்துடுச்சாம்மா?"

"வரல சார்."

"அப்ப போட்டி இன்னும் முடியலதானே. குடுங்க, மாத்திக்கட்டும்."

சட்டப்படி அவர் சொன்னது சரி. அதனாலேயே எனக்குக் கோபம் வந்தது. அன்று முழுவதும் டின்னைக் கவிழ்த்துச் சீட்டு தேடிக் கொடுத்தேன். வீட்டில் ரேடியோ இருந்தவர்களும், ரேடியோ உள்ள வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தவர்களும் திருத்திக்கொண்டார்கள். வடக்கே இருந்தவர்கள் எழுதிக் கொடுத்த சீட்டுகள் மாயாபந்தரில் நின்ற போட்டிலேயே கிடந்தன.

தை கடைசியில்தான் போட் வந்தது. அதை ஓட்டும் சாரங்கு வழியெல்லாம் வாங்கிய சீட்டுகளை ஒரு சணல் பையில் கொண்டுவந்து என் மேசையில் கொட்டினார். நான் அவளுடையதைத்தான் முதலில் தேடினேன். ஒன்பது கேள்விக்கும் பதில் சரி. ஆறாவதற்குப் பதினெட்டு. அதை எழுதித் தந்த அன்று அதுவும் சரிதான்.

இந்த முறை நான் கூட்டத்துக்குப் போனேன். கால் வலித்தாலும் போனேன்.

"கேள்வி ஒட்டின அன்னைக்குப் பதினெட்டு. உங்க விடைத்தாள்லயே பதினெட்டுன்னுதான் இருக்கு சார்" என்றேன்.

"இன்னைக்கு இருபத்தொண்ணு. இருபத்தொண்ணு எழுதினவன் தப்புன்னு சொன்னா என்னை பஜார்ல நிக்க வெச்சுக் கேப்பாங்கம்மா."

"அப்ப ரெண்டும் சரின்னு வெச்சுக்குங்க."

"ஒரு கேள்விக்கு ரெண்டு பதில் சரின்னா அது என்னம்மா பொது அறிவு?"

வெகுநேரம் பேசினார்கள். பஜ்ஜி வந்தது, டீ வந்தது. கடைசியில் ஒரு சமாதானம் கண்டுபிடித்தார்கள். இருபத்தொன்று எழுதி மற்றதெல்லாம் சரியாகவும் போட்டவர்களுக்குள் முதல் பரிசுக்குக் குலுக்கல். பதினெட்டு எழுதி மற்றதெல்லாம் சரியாகப் போட்டவர்களுக்கு இரண்டாம் பரிசு. பதினெட்டில் அப்படி மிஞ்சியது அவள் ஒருத்திதான். குலுக்கலில் ரேடியோ, குட்வில் எஸ்டேட்டில் வீடு கட்டியிருந்த ஒரு கான்டிராக்டருக்குப் போனது. அவர் வீட்டில் ஏற்கெனவே அலமாரி அளவுக்கு ஒரு ரேடியோ உண்டு. அதைக் கேட்டுத்தான் பதிலைத் திருத்தினார்.

"ஏரியல் பேயில கரண்டே கிடையாது சார். ஃபேனை வெச்சு அந்தப் பொண்ணு என்ன செய்யும்?" என்றேன்.

"வரும்மா, வரும். போஸ்ட் நட்டுட்டாங்கன்னு கேள்வி."

எல்லோருக்கும் திருப்தி. எனக்கு மட்டும் வயிற்றெரிச்சல்.

பரிசு விழுந்திருக்கிறது என்று மட்டும் சாரங்கிடம் சொல்லி அனுப்பினேன். என்ன பரிசு என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. அடுத்த போட்டிலேயே குழந்தையோடு வந்துவிட்டாள். தலைநிறையப் பூ. அலமாரியிலிருந்து மின்விசிறியை இறக்கி அவள் முன்னால் வைத்தேன். அதையும் பார்த்தாள், அலமாரிமேல் ரேடியோ இருந்த காலி இடத்தையும் பார்த்தாள்.

"ரேடியோ இல்லியாக்கா?"

"ஒரு கேள்வி போச்சு. மாநிலம் இப்ப இருபத்தொண்ணு."

"நான் எழுதுனப்ப பதினெட்டுல்லா?"

"ஆமா. அதுக்கப்புறம் மாறிடுச்சு. ரேடியோல சொன்னாங்க."

குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள். பிறகு, கோபமே இல்லாமல் கேட்டாள்.

"எங்கிட்ட ரேடியோ இருந்தா நான் எதுக்குக்கா பதில் எழுதப் போறேன்?"

பஜ்ஜி தின்ற அத்தனை பேரையும் கூட்டி வந்து அவள் முன்னால் நிறுத்த வேண்டும் என்று தோன்றியது. அவள் அதற்குள் மின்விசிறியின் இறக்கையை விரலால் சுற்றிப் பார்க்க ஆரம்பித்திருந்தாள்.

"எங்க வீட்ல காத்துதாங்கா தொந்தரவே. இதுல காத்து வர்றதுக்கு வேற ஒரு மிசினா" என்று சிரித்தாள். பிறகு, "ரேடியோ யாருக்கு?" என்றாள்.

சொன்னேன்.

"அவுக வீட்ல காத்து வருமா?"

கேள்வி எங்கே போகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. மதியம் கவுண்டரை மூடிவிட்டு அவளோடு கிளம்பினேன். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டதால் மின்விசிறி என் பங்குக்கு வந்தது. குட்வில் எஸ்டேட் மேடு ஏறி முடிப்பதற்குள் இந்தப் போட்டியையும் சங்கத்தையும் மூன்று புதிய மாநிலங்களையும் மனதாரத் திட்டித் தீர்த்தேன்.

கான்டிராக்டர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தகரக் கூரை வீடு, உள்ளே அனல். நம்முடைய முதல் பரிசு, வந்த அட்டைப்பெட்டியிலேயே பரண்மேல் இருந்தது. விசிறிக்கு ரேடியோவை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டதும் அவர் முகம் சுருங்கியது.

"அதெப்படிம்மா, இது முதல் பரிசு. அது ரெண்டாவது."

அவர் மனைவி அதற்குள் மின்விசிறியை பிளக்கில் செருகி, அதன் முன்னால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"முதல் பரிசு பரண்ல தூசி தின்னுக்கிட்டு கெடக்கு. எனக்கு ரெண்டாம் பரிசே போதும்" என்றாள், திரும்பிப் பார்க்காமலே.

"சங்கத்துல நான்தானே முதல் பரிசு? நாளைக்குப் பேரை மாத்திடுவாங்களே" என்று அவர் என்னைக் கேட்டார்.

"பேர நீங்களே வச்சுக்கிடுங்க சார். எனக்கு ரேடியோ போதும்" என்றாள் அந்தப் பெண்.

ரேடியோவை எடுத்துக் கொடுத்தார். அதிலிருந்த பேட்டரி செத்துவிட்டது என்று நான் நினைவூட்டியதும், உள்ளே போய் நாலு புதிய செல் கொண்டுவந்தார். மனுஷன் கெட்டவர் இல்லை. வீட்டில் ரேடியோ இருந்தது ஒன்றுதான் அவர் செய்த தப்பு.

சாயங்காலம் ஜெட்டி பெஞ்சில் உட்கார்ந்து, எந்த எண்ணில் எது பாடும் என்று சாரங்கு அவளுக்குக் காட்டிக் கொடுத்தார். மௌசம் சொல்லும் நேரம் வந்ததும் எல்லோரையும் கையமர்த்திவிட்டு ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டாள். ஹவா தேஜ் என்று வரவில்லை. இருந்தும் கடைசி வரை கேட்டாள். அடுத்துப் பாட்டு வந்ததும் ரேடியோவை நிறுத்திவிட்டாள், செல் தீர்ந்துவிடுமாம்.

மறுநாள் காலை போட் கிளம்பும்போது கவுண்டரில் நல்ல கூட்டம். ஏணிப் பலகையில் ஏறப்போனவள், வரிசையை விலக்கிக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

"எக்கா, மாநிலம் இன்னும் இருபத்தொண்ணுதான?"

"எங்கிட்ட ஏது ரேடியோ?" என்றேன். "இனிமே நீதான் எனக்குச் சொல்லணும்."